உளவியல் கேள்வி – பதில்: விளையாட வைப்பது எது?

வீடியோ கேம் ஆய்வுகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான குறிப்பையொட்டிச் சென்னை வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஆறுக்கு இங்கே பதில் தருகிறேன். கேட்டவர்களின் பெயரைத் தவிர்த்து, பகுதியை மட்டும் குறித்திருக்கிறேன்.

முதுகலை உளவியல் படிக்கிறேன். கல்லூரி மாணவர்கள் மொபைல் கேம் ஆடுவதைச் சுயநிர்ணயக் கோட்பாட்டின் வழியே ஆராய்வது என் ஆய்வேட்டின் தலைப்பு. நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் ஆடுகிறார்கள், அவர்களுடைய உளவியல் தேவைகள் எவ்வளவு நிறைவேறுகின்றன என்று கூகுள் ஃபார்மில் கேட்டு, இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிடலாம் என்றிருக்கிறேன். இது போதுமா?
*– மாணவி, திருவான்மியூர்*

பட்டம் வாங்க இது போதும். ஆனால் எதையாவது கண்டுபிடிக்க வேண்டுமென்றால் போதாது. மற்ற வாசகர்களுக்காக முதலில் கோட்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரையனும் உருவாக்கிய இக்கோட்பாட்டின்படி, மனிதர் எவருக்கும் மூன்று அடிப்படை உளவியல் தேவைகள் உண்டு: தன் விருப்பப்படி செயல்படுகிறோம் என்னும் தன்னாட்சி, செய்வதில் தேர்ச்சி பெறுகிறோம் என்னும் திறமையுணர்வு, பிறரோடு பிணைந்திருக்கிறோம் என்னும் உறவுணர்வு. ஒரு செயல் இவற்றை நிறைவேற்றும் அளவுக்கு, அதை அதற்காகவே செய்யும் உள்ளார்ந்த ஊக்கம் நிலைக்கிறது. ரையன், ஸ்காட் ரிக்பி, ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி ஆகிய மூவரும் இதை வீடியோ கேமுக்குப் பொருத்தி, 2006ஆம் ஆண்டில் நான்கு ஆய்வுகள் அடங்கிய கட்டுரையை வெளியிட்டார்கள். முதல் ஆய்வில் மாணவர்களை சூப்பர் மரியோ 64 ஆடச் செய்து, ஆடுவதற்கு முன்பும் பின்பும் அவர்களுடைய மனநிலையை அளந்தார்கள். பலர் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டுக்கு நான்காவது ஆய்வில்தான் வந்தார்கள். தனியாக ஆடும் விளையாட்டில் உறவுணர்வைக் கேட்பதில் பொருளில்லை அல்லவா? நீங்கள் பயன்படுத்தப்போகும் அளவுகோல், அதாவது தேவைகளை அளக்கும் வினாப்பட்டியல், அநேகமாக அந்தக் கட்டுரையின் வழிவந்ததாகவே இருக்கும்.

இனி உங்கள் திட்டத்துக்கு வருவோம். முதல் சிக்கல் மணிக்கணக்கு. எவ்வளவு நேரம் ஆடினோம் என்பதை ஆடியவர்களே சரியாகச் சொல்வதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டில் இரண்டு விளையாட்டுகளை ஆடும் 3,274 பேரைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், ஆட்ட நேரத்தை நிறுவனங்களின் பதிவுகளிலிருந்தே பெற்றார்கள். அடுத்த ஆண்டில் அதே முறையில் ஏழு விளையாட்டுகளை ஆடும் ஏறக்குறைய 39,000 பேரை ஆராய்ந்தபோது, ஆடும் நேரம் மனநலத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டியதாகவோ குறைத்ததாகவோ தெரியவில்லை. எதற்காக ஆடுகிறார்கள் என்பதற்குத்தான் மனநலத்தோடு தொடர்பு இருந்தது: விரும்பி ஆடியவர்களிடம் மனநலம் சற்றுக் கூடுதலாகவும், கட்டாய உணர்வோடு ஆடியவர்களிடம் சற்றுக் குறைவாகவும் காணப்பட்டது. நிறுவனப் பதிவுகள் உங்களுக்குக் கிடைக்கா. ஆயினும் ஆண்ட்ராய்டு போனின் டிஜிட்டல் வெல்பீயிங் பக்கத்தில் ஒவ்வொரு செயலிக்கும் செலவான நேரம் பதிவாகியிருக்கும். ஒப்புதல் பெற்று அதன் ஸ்கிரீன்ஷாட்டைக் கேளுங்கள். 'தோராயமாக இரண்டு மணி நேரம்' என்னும் விடையைவிட அது பலமடங்கு மேல்.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. 'இந்த விளையாட்டில் எனக்குத் திறமை கூடுவதாக உணர்கிறேன்' என்ற கேள்விக்கு ஐந்து மதிப்பெண் போட்டவர், அதே பக்கத்தில் நான்கு வரி தள்ளி வரும் 'இந்த விளையாட்டு எனக்குப் பிடித்திருக்கிறது' என்பதற்கும் ஐந்தோ நான்கோதான் போடுவார். ஒரே ஆளிடம், ஒரே அமர்வில், ஒரே மாதிரியான சொற்களால் கேட்டுவிட்டு, இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று சொல்வதில் கோட்பாட்டுக்கு எந்தச் சோதனையும் இல்லை. கோட்பாடு தோற்றுப்போக இடமுள்ள ஒரு கேள்வியை நீங்கள் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்ட ஓர் ஆய்வைக் காட்டுகிறேன். வன்முறை மிகுந்த விளையாட்டுகளே ஆக்ரோஷத்தை வளர்க்கின்றன என்பது நெடுநாளைய வாதம். தேவைகளைப் பற்றிய கோட்பாடு சரியென்றால், வன்முறை துளியும் இல்லாத விளையாட்டுகூடத் திறமையுணர்வை முடக்கினால் ஆக்ரோஷத்தைத் தூண்ட வேண்டும். ஷிபில்ஸ்கியும் டெசியும் ரிக்பியும் ரையனும் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனைகளில் ஒன்று இது. மாணவர் முதலில் கடுங்குளிர் நீரில் 25 விநாடி கையை வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தை முடிவு செய்தவர் தமக்கு முன்னால் வந்துபோன இன்னொரு மாணவர் என்று அவரிடம் சொல்லப்படும். உண்மையில் எல்லோருக்குமே 25 விநாடிதான். பிறகு சிலருக்கு எளிய டெட்ரிஸும் சிலருக்குத் திணறடிக்கும் டெட்ரிஸும் கொடுக்கப்பட்டன. ஆடி முடித்ததும், அடுத்து வருபவர் எத்தனை விநாடி நீரில் கையை வைத்திருக்க வேண்டும் என்பதை அவர்கள் தீர்மானிக்க வேண்டும். கடினமான டெட்ரிஸில் சிக்கியவர்கள் சராசரியாகப் பத்து விநாடி கூடுதலாக விதித்தார்கள். டெட்ரிஸில் துப்பாக்கியும் இல்லை, இரத்தமும் இல்லை; சில கட்டங்கள் மேலிருந்து இறங்குகின்றன, அவ்வளவுதான். பொதுப்புத்தியால் ஊகிக்க முடியாத ஒன்றைக் கோட்பாடு முன்கூட்டிச் சொன்னது, அது நடந்தது. ஒரு கோட்பாட்டைப் 'பயன்படுத்துவது' என்று நான் சொல்வது இதைத்தான்.

உங்கள் தலைப்பில் ஆய்வு செய்யும் பலர் இதைச் செய்வதில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். கணினி–மனிதர் உறவாடல் துறையில் இக்கோட்பாட்டை மேற்கோள் காட்டிய நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டு ஆய்வுக் கட்டுரைகளை டையாக், மெக்லர் என்னும் இருவர் 2020ஆம் ஆண்டில் பரிசீலித்தார்கள். பெரும்பாலானவற்றில் கோட்பாடு முன்னுரையில் ஒரு பத்தியாகவும் முறையியலில் ஒரு வினாப்பட்டியலாகவும் தலைகாட்டியதே தவிர, கருதுகோளை வடிவமைக்கவோ முடிவை விளக்கவோ உதவவில்லை.

ஆய்வகமும் பணமும் இல்லாத முதுகலை மாணவியால் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். செய்ய முடியும். தேவைகளைப் பற்றிய கேள்விகளை இந்த வாரம் கேளுங்கள். ஆடிய நேரத்தை மூன்று வாரம் கழித்து ஸ்கிரீன்ஷாட்டாக வாங்குங்கள். இடையில் செமஸ்டர் தேர்வு வந்தால் இன்னும் நல்லது: தேர்வு நெருங்கும்போது கைவிடப்படும் விளையாட்டு எது, கைவிடப்படாதது எது என்பதில் கோட்பாடு ஏதேனும் ஒன்றை முன்கூட்டிச் சொல்லியாக வேண்டும். அதைத் தரவு திரட்டுவதற்கு முன்பே எழுதி, தேதியிட்டு, உங்கள் கைடிடம் கொடுத்துவிடுங்கள். அளவுகோலைத் தமிழில் தருவதானால், மொழிபெயர்த்ததை வேறொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கிச் சரிபார்க்காமல் களத்தில் இறங்காதீர்கள்.

பள்ளி மாணவர்களுக்கான கணிதச் செயலி ஒன்றை உருவாக்கும் சிறு குழுவில் இருக்கிறேன். பாயிண்ட், பேட்ஜ், லீடர்போர்டு, தினமும் வந்தால் ஸ்ட்ரீக் என எல்லாம் வைத்தோம். முதல் மாதம் பயன்பாடு ஏறியது, பிறகு சரிந்துவிட்டது. வெகுமதி ஊக்கத்தைக் கெடுக்கும் என்று எங்கோ படித்தேன். உண்மையா?
*– மென்பொருள் பொறியாளர், பெருங்குடி*

பாதி உண்மை, அந்தப் பாதியின் எல்லையை அறிவது உங்களுக்கு முக்கியம். டெசி 1971ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில் 24 கல்லூரி மாணவர்களுக்கு 'சோமா' என்னும் கனசதுரப் புதிர் கொடுக்கப்பட்டது. மூன்று அமர்வுகளில், இரண்டாவதில் மட்டும் ஒரு பாதியினருக்குப் புதிருக்கு ஒரு டாலர் வழங்கப்பட்டது. ஒவ்வொரு அமர்வின் நடுவிலும் சோதனையாளர் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு எட்டு நிமிடம் வெளியே போய்விடுவார்; மேசையில் வார இதழ்கள் கிடக்கும். அந்த எட்டு நிமிடத்தில் யாரும் சொல்லாமலே புதிரைத் தொடுகிறார்களா என்பதுதான் அளவு. பணம் வாங்கியவர்கள், பணம் நின்ற மூன்றாவது அமர்வில் முன்பைவிடக் குறைவாகவே தொட்டார்கள். 24 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். வித்தியாசமும் அப்படியொன்றும் மலைக்கவைப்பதல்ல. ஆனால் 1973ஆம் ஆண்டில் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் பாலர் பள்ளிக் குழந்தைகளிடம் ஸ்கெட்ச் பேனாவை வைத்துச் செய்த ஆய்வில் வேறொரு நுட்பம் வெளிப்பட்டது. 'வரைந்தால் சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டிச் சொல்லப்பட்ட குழந்தைகள் பின்னாளில் ஏறக்குறையப் பாதி நேரமே வரைந்தார்கள். அதே சான்றிதழை எதிர்பாராமல் பெற்ற குழந்தைகளின் ஆர்வம் குறையவில்லை. வெகுமதி ஒன்றேதான், அதை முன்வைத்த விதம்தான் வேறு.

இத்தகைய 128 சோதனைகளை டெசி, கோஸ்ட்னர், ரையன் ஆகியோர் 1999ஆம் ஆண்டில் தொகுத்து ஆராய்ந்து, எதிர்பார்க்க வைக்கும் பொருள்வகை வெகுமதி ஆர்வத்தைக் குறைக்கிறது என்றும், பாராட்டு பெரும்பாலும் குறைப்பதில்லை என்றும் முடிவுக்கு வந்தார்கள். இதை மறுத்து வாதிட்டவர்களும் உண்டு. தவிர, ஏற்கெனவே ஆர்வமுள்ள செயலுக்கே இது பொருந்தும். ஏழாம் வகுப்புப் பின்னக் கணக்கின் மீது பிள்ளைகளுக்கு இல்லாத காதலை உங்கள் பேட்ஜ் கெடுத்துவிட்டதாக நான் நம்பவில்லை.

உங்கள் செயலியின் பயன்பாடு ஏறி இறங்கிய வரைபடம் காட்டுவது வேறொன்று என்று நினைக்கிறேன். மெக்லரும் உடன் ஆய்வாளர்களும் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், படங்களுக்குக் குறிச்சொல் இடும் சலிப்பான வேலையைப் பாயிண்டோடும், லெவலோடும், லீடர்போர்டோடும், எதுவுமில்லாமலும் தனித்தனிக் குழுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குறிச்சொற்களின் எண்ணிக்கை கூடியது. உள்ளார்ந்த ஊக்கமோ திறமையுணர்வோ அசையவில்லை. பாயிண்ட் ஆர்வத்தைக் கொல்லவுமில்லை, பிறப்பிக்கவுமில்லை; எண்ணிக்கையை மட்டும் தள்ளியது. முதல் மாதத்தில் உங்களுக்கு நடந்தது இதுவாக இருக்கலாம்.

பாயிண்டைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது என்ன என்று பாருங்கள். தாமஸ் மலோன் 1980களின் தொடக்கத்திலேயே இதைச் செய்திருக்கிறார். பந்தை அடித்துச் செங்கற்களை உடைக்கும் 'பிரேக்அவுட்' விளையாட்டிலிருந்து ஸ்கோரை நீக்கி ஒரு வடிவம், செங்கல் உடைவதை நீக்கி ஒரு வடிவம் என்று உறுப்பு உறுப்பாகக் கழற்றி ஆடவைத்தபோது, ஸ்கோரைவிடச் செங்கற்கள் உடைந்து மறைவதுதான் ஆடுபவர்களைப் பிடித்து வைத்திருந்தது. இன்னும் எவ்வளவு மீதி இருக்கிறது என்பதைக் கண்ணுக்கு முன்னால் காட்டியது அதுவே. உங்கள் செயலியில் தப்பாகப் போட்ட மாணவிக்கு இப்போது சிவப்புக் குறியும் பறிபோன ஸ்ட்ரீக்கும் கிடைக்கின்றன என்று ஊகிக்கிறேன். அதற்குப் பதிலாக, 'வகுக்கும்போது இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்காமல் பெருக்கியிருக்கிறாய். இதே பிழை சென்ற வாரம் ஐந்து முறை வந்தது, இந்த வாரம் இரண்டு முறைதான்' என்று காட்டினால், திறமையுணர்வுக்கு அதைவிட நேரடியான தீனி வேறில்லை. ஸ்ட்ரீக்கைப் பொறுத்தவரை எனக்கு அதில் சற்றும் நம்பிக்கையில்லை: 'நேற்று வந்தாய், இன்றும் வந்தாக வேண்டும்' என்பது தன்னாட்சியின் நேர் எதிர்.

பிளஸ் டூ படிக்கும் என் மகன் இரவு ஒரு மணிவரை போனில் விளையாடுகிறான். கேட்டால் கத்துகிறான். இது அடிமைத்தனமா? உங்கள் கோட்பாடுகள் எனக்கு ஏதாவது உதவுமா?
*– ஒரு தாய், வில்லிவாக்கம்*

கடிதத்தை மட்டும் வைத்து யாருக்கும் நோய்ப்பெயர் சூட்டக்கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 'கேமிங் கோளாறு' 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி மணிக்கணக்கு ஓர் அளவுகோல் அல்ல. நிறுத்த நினைத்தும் முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டே முதன்மை பெறுவது, கெடுதல் கண்கூடாகத் தெரிந்தும் தொடர்வது ஆகியவை சேர்ந்து, படிப்பையும் குடும்பத்தையும் கடுமையாகப் பாதிக்கும் வகையில் பொதுவாகப் பன்னிரண்டு மாதமேனும் நீடித்திருக்க வேண்டும்.

கோட்பாடு உதவுவது வேறொரு கேள்வியில்: அவன் ஆட விரும்பி ஆடுகிறானா, ஆடாமல் இருக்க முடியாமல் ஆடுகிறானா? கனடாவைச் சேர்ந்த ராபர்ட் வலராண்ட் இவ்விரண்டையும் இணக்கமான பற்று, பிடித்தாட்டும் பற்று என்று பிரித்தார். ஷிபில்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2009ஆம் ஆண்டில் இதை விளையாட்டில் ஆராய்ந்தபோது, அன்றாட வாழ்க்கையில் அந்த மூன்று தேவைகளும் குறைவாக நிறைவேறியவர்களிடமே பிடித்தாட்டும் பற்று கூடுதலாகக் காணப்பட்டது. உங்கள் மகனின் நாளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: காலையில் டியூஷன், பிறகு பள்ளி, மாலையில் நீட் கோச்சிங், வார இறுதியில் மாதிரித் தேர்வு, ஒவ்வொன்றிலும் வாட்ஸ்அப்பில் வந்துவிழும் மதிப்பெண். இதில் அவன் தானாகத் தேர்ந்தெடுத்த மணித்துளி எங்கே இருக்கிறது? 'நான் முன்னைவிடத் தேறிவிட்டேன்' என்று அவன் உணர்வது எந்த இடத்தில்? போனில் மட்டும்தான் என்றால், போனைப் பிடுங்குவது இருக்கும் ஒரே வாசலையும் அடைப்பதாகிவிடும். இரவு ஒரு மணிவரை ஆடுவதை நான் ஆதரிக்கவில்லை. தூக்கத்தில் சமரசம் கிடையாது. ஆனால் எப்போது நிறுத்துவது என்ற முடிவில் அவனுக்குப் பங்கு இருக்கட்டும்.

ஒரு நடைமுறைச் செய்தியும் உண்டு. நால்வர் அணியாக ஆடும் போர் விளையாட்டுகளில் ஓர் ஆட்டம் முடிய ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகலாம். நடுவில் எழுந்தால் கைவிடப்படுவது அவனுடைய மூன்று நண்பர்கள். 'இந்த நிமிடமே வை' என்பதைவிட 'இந்த மேட்ச் முடிந்ததும் வை' என்பது நிறைவேறக்கூடிய கட்டளை. பள்ளிக்குப் போக மறுப்பது, சாப்பாட்டைத் தவிர்ப்பது, நண்பர்களை முற்றிலும் விலக்குவது போன்ற மாற்றங்களைக் கண்டால் காத்திராதீர்கள்: 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையையும் அணுகலாம்.

பிள்ளைகள் செஸ் ஆடினால் ஊரே மெச்சுகிறது. வீடியோ கேம் ஆடினால் திட்டுகிறது. உளவியல் இவ்விரண்டையும் வேறுபடுத்துகிறதா?
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாப்பூர்*

2022இல் செஸ் ஒலிம்பியாடுக்காக நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டிய ஊர் இது. மெச்சாமல் என்ன செய்யும்? கோட்பாடு பலகையையும் திரையையும் வேறுபடுத்துவதில்லை. தன்னை மறந்து ஒன்றிப்போகும் நிலையைப் பற்றி மிஹாய் சிக்சென்ட்மிஹாயி 1975ஆம் ஆண்டில் எழுதியபோது, அவர் ஆராய்ந்தவர்களில் மலையேறுபவர்களோடும் அறுவைச் சிகிச்சை நிபுணர்களோடும் செஸ் ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். சவாலும் திறமையும் ஒன்றுக்கொன்று ஈடாக இருந்தால் ஒன்றிப்போகிறோம். சவால் மிஞ்சினால் பதற்றம், திறமை மிஞ்சினால் சலிப்பு. வீடியோ கேம் ஆய்வாளர்கள் இந்தக் கருத்தைப் பின்னாளில் எடுத்துக்கொண்டார்கள். ரேட்டிங் சரிந்தால் வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற பயத்தில் காயை நகர்த்தும் பிள்ளையின் ஊக்கம் வெளியூக்கம்தான், ஆடுவது செஸ்ஸே ஆனாலும்.

எல்லாம் மூளையில் சுரக்கும் டோபமைன் என்னும் வேதிப்பொருள் செய்யும் வேலைதானே? லூட் பாக்ஸில் காசைக் கொட்டுகிறவனிடம் போய்த் தன்னாட்சி, உறவுணர்வு என்று பேசுவது வீண் அல்லவா?
*– வாசகர், அம்பத்தூர்*

லூட் பாக்ஸைப் பொறுத்தவரை உங்கள் கட்சியில் பாதிவரை வருகிறேன். என்ன கிடைக்கும் என்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கவைக்கும் இந்த ஏற்பாட்டை விளக்க, பரிசு கிடைக்கும் செயல் திரும்பத் திரும்பச் செய்யப்படுவதைப் பற்றி உளவியலாளர் ஸ்கின்னர் செய்த பழைய வலுவூட்டல் ஆய்வுகளே பொருத்தமானவை. எத்தனையாவது முயற்சியில் பரிசு விழும் என்று ஊகிக்க முடியாதபோது முயற்சி விடாமல் தொடர்கிறது என்பதை ஃபெர்ஸ்டரும் அவரும் 1957ஆம் ஆண்டிலேயே புறாக்களைக் கொண்டு விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். 7,000க்கும் மேற்பட்டோரிடம் செண்டிலும் கேர்ன்ஸும் 2018ஆம் ஆண்டில் நடத்திய ஆய்வில், லூட் பாக்ஸுக்குக் கூடுதலாகச் செலவிடுவோரிடம் சூதாட்டச் சிக்கலும் கடுமையாக இருந்தது. ஆனால் பெட்டி சூதாட்டத்தை வளர்க்கிறதா, சூதாட்ட நாட்டம் உள்ளவரைப் பெட்டி இழுக்கிறதா என்பதை அந்த ஆய்வால் பிரித்தறிய முடியாது. பெல்ஜியம் அதே ஆண்டில் இவற்றைச் சூதாட்டச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது.

டோபமைன் விஷயத்தில் உங்களோடு உடன்பட முடியவில்லை. டாங்கி ஓட்டும் வீடியோ கேம் ஆடிய எட்டு ஆண்களின் மூளையில் டோபமைன் வெளிப்படுவதை 1998ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது உண்மை. இருபது விளையாட்டுகளை இறக்கிப் பத்தொன்பதை இரண்டே நாளில் அழித்துவிட்டு, ஒன்றை மட்டும் இரண்டு வருடம் வைத்திருப்பது ஏன் என்பதற்கு அதில் விடை இல்லை. பத்தொன்பதிலும் டோபமைன் வெளிப்பட்டிருக்கும்.

ஆட்டக்காரர்கள் நான்கு வகை என்று யூடியூபில் ஒருவர் விளக்கினார். என்னை எந்த வகையில் சேர்ப்பது என்று தெரிந்துகொள்ள நம்பகமான தேர்வு உண்டா?
*– கல்லூரி மாணவர், வேளச்சேரி*

அவர் சொன்னது ரிச்சர்ட் பார்ட்டில் 1996ஆம் ஆண்டில் எழுதியதை: சாதிப்பவர், தேடி அலைபவர், பழக வருபவர், பிறரை வீழ்த்த வருபவர். எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா 1978ஆம் ஆண்டில் தொடங்கிய, எழுத்துகளால் மட்டுமே இயங்கிய பலர் ஆடும் கணினி விளையாட்டை அவரோடு சேர்ந்து உருவாக்கியவர் பார்ட்டில். அத்தகைய விளையாட்டுகளை ஆடிய அனுபவசாலிகளிடையே நடந்த நீண்ட விவாதத்திலிருந்து அவர் வகுத்த பகுப்பு இது. வடிவமைப்பாளருக்கு அருமையான கைவிளக்கு, ஆனால் அளந்து பெற்றதல்ல. நிக் யீ 2006ஆம் ஆண்டில் இணைய விளையாட்டுகளை ஆடும் 3,000 பேரின் விடைகளைப் புள்ளியியல் முறையில் பகுத்தபோது, சாதனை, சமூக உறவு, ஆழ்ந்துபோதல் என மூன்று கூறுகள் கிடைத்தன. ஒன்றில் கூடுதலாக இருப்பவர் மற்றதில் குறைவாக இருந்தாக வேண்டும் என்னும் கட்டாயம் அந்தத் தரவில் தென்படவில்லை. ஆகவே எந்தப் பெட்டியில் அடைபடுகிறீர்கள் என்று சொல்லும் தேர்வைத் தேடாதீர்கள். யீயின் வினாப்பட்டியலை நிரப்பினால் மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண் கிடைக்கும். மூன்றிலுமே நீங்கள் உயர்ந்து நிற்கலாம், அடுத்த வருடம் வேறொரு விளையாட்டில் அவை மாறியும் இருக்கலாம்.